வாங்கித் தருவதா, நூலகத்துக்குக் கூட்டிப் போவதா?

புத்தகம் என்றாலே ஓடும் பையனுக்கு, காட்பாடியில் 300 ரூபாய்க்கு வழவழ தாளில் நீதிக்கதைகள் வாங்கினேன். நாலு பக்கம் தாண்டவில்லை. "காசு போட்டு வாங்கியிருக்கேன், படிடா" என்றேன். அதோடு அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிட்டது.

வேலூர் நூலகத்தில் அந்த வம்பில்லை. பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம். (வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டத்தானே செய்கிறோம்!) முனை மடங்கிய பாம்புப் புத்தகத்தை அவனே உருவினான். கண்ணாடிவிரியன் படத்தில் விரலை வைத்து, "அம்மா, இது முட்டை போடாதாம், குட்டிதான் போடுமாம்!" என்றான். கோட்டைக்குப் போய்வந்த வாரம் 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றித் தேடினான்.

சொந்தப் புத்தகம் என்றால் கிறுக்கலாம், தலைமாட்டில் வைத்துத் தூங்கலாம். அதனால் மூன்று தடவை எடுத்துவந்த புத்தகத்தை மட்டும் வாங்கித் தருகிறேன். பாம்புதான் முதலில்.