பாரதி சாலை பழைய புத்தகக் கடைகள்: ஓர் ஓவிய ஆசிரியையின் மதிப்பீடு

வகுப்பில் என்ன வரையச் சொல்வது என்று யோசனை வற்றிப்போனால் நான் போவது திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக்குத்தான். பழைய ஆட்கள் இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்பார்கள். ஞாயிறு காலையில் போங்கள். நேரமானால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

முன்வரிசை முழுக்கப் போட்டித் தேர்வுக் கையேடுகளும் இன்ஜினியரிங் புத்தகங்களும்தான். எனக்கு அவை எதற்கு? அடியில் கிடக்கும் பழைய வார இதழ்க் கட்டுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுவேன். ஓவியர் கோபுலுவின் கோட்டுச் சித்திரம் ஒன்று அப்படித்தான் கிடைத்தது. முதுகு காட்டி நிற்கும் ஒரு மாமி. முகமே தெரியவில்லை, ஆனால் அவள் கோபம் தெரிகிறது! தோள்பட்டையின் சாய்விலும் இழுத்துச் செருகிய முந்தானையிலும் மனுஷர் அதைக் கொண்டுவந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே பயிற்சியாகக் கொடுத்தேன்: முகம் வரையாமல் கோபத்தை வரை.

குறை இல்லாமல் இல்லை. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிய இதழ்க் கட்டில் நடுப்பக்கங்களையே காணோம். பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முட்டிவலிக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், குத்த வைத்துத்தான் தேட வேண்டும். அப்புறம், ரத்னா கஃபே பக்கத்தில்தான். சாம்பார் இட்லிக்கு முன்னால் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.