ஹெச்பிசி (சூப்பர்கம்ப்யூட்டர்ல வேலை ஓட்டுறது) கத்துக்க எது சரி: ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்பா, ஆன்லைன் கோர்ஸா, சீனியர் பக்கத்துல உக்காந்தா?

லேப்ல புதுசா சேர்ற பிஹெச்டி பசங்க, அதுவும் பயாலஜி கெமிஸ்ட்ரி பக்கம் இருந்து வர்றவங்க, என்எஸ்சிசி (சிங்கப்பூரோட தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையம்) அக்கவுண்ட் கைக்கு வந்ததும் கேக்குற மொத கேள்வி "அண்ணே, இத எங்க படிக்கிறது?" தான். வழி மூணு இருக்கு. நான் நடுநிலையா எல்லாம் பேசப்போறதில்ல, இப்பவே சொல்லிடுறேன்.

மொதல்ல வொர்க்‌ஷாப். இப்ப எங்க பாத்தாலும் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி பாணிதான், 1998ல அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் லேப்ல கிரெக் வில்சனும் ப்ரெண்ட் கோர்டாவும் ஆரம்பிச்சது. சொல்லிக்குடுக்குறவர் ஸ்லைடு போடாம நம்ம கண்ணு முன்னாடியே டைப் பண்ணுவார், நாமளும் கூடவே அடிக்கணும். முடிச்சவன் லேப்டாப் மேல ஒரு கலர் ஸ்டிக்கி நோட் ஒட்டணும், மாட்டிக்கிட்டவன் இன்னொரு கலர். கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா நம்ம பசங்க நாப்பது பேர் முன்னாடி கை தூக்குறதுக்குப் பதிலா தெரியாமலே வீட்டுக்குப் போயிடுவானுங்க, அவங்களுக்கு இது பெரிய உதவி. ஷெல் (கமாண்ட் டைப் பண்ணி மெஷின ஓட்டுறது), கிட் (கோடுல பண்ற மாற்றங்கள சேமிச்சு வைக்கிறது), பைத்தான் அடிப்படைக்கு இத அடிச்சுக்க ஆள் இல்ல. குறை என்னன்னா அங்க குடுக்குற டேட்டா குட்டியூண்டு, எல்லாம் ஒழுங்கா ஓடும். அடுத்த வாரம் நம்ம சொந்த சீக்வென்சிங் ஃபைல போட்டு மெமரி பத்தாம ஜாப் (மெஷின்ல ஓட்டக் குடுத்த வேலை) செத்து விழும்போது யாரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க.

அடுத்து ஆன்லைன். எடின்பரோ யுனிவர்சிட்டியோட சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர் இபிசிசி, பிரிட்டன் சூப்பர்கம்ப்யூட்டர் ஆர்ச்சர்2வுக்காக போட்டு வச்சிருக்குற பாடங்கள் தரமானது, அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் லேபோட எம்பிஐ (ஒரு ப்ரோக்ராம பல பகுதியா பிரிச்சு ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டு ஓட வைக்கிற முறை) டுடோரியலும் அப்படித்தான், காசும் இல்ல. லைவ் கிளாஸ்னா அங்க காலை பத்து மணி நமக்கு சாயந்திரம் அஞ்சோ ஆறோ. அத விடுங்க, நெஜ தலைவலி வேற. ஜாப்கள வரிசைப்படுத்தி ஓட்டுற சாஃப்ட்வேர் ஆர்ச்சர்2ல ஸ்லர்ம், நம்ம என்எஸ்சிசி மெஷின் ஆஸ்பயர் 2ஏல பிபிஎஸ். ஜாப் அனுப்புற கமாண்ட எஸ்பேட்ச்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்து இங்க க்யூசப் அடிக்கணும், ஸ்கிரிப்ட்டோட மேல் வரிகள் எல்லாம் வேற மாதிரி. தெரிஞ்சவனுக்கு பத்து நிமிஷ வேலை, புதுசா வர்றவனுக்கு ஒரு நாள் போயிடும். அப்புறம் இந்தக் கோர்ஸ்கள்ல பாதி சீக்கிரமே எம்பிஐ ப்ரோக்ராமிங்ல குதிச்சிடும். குரோமாக்ஸோ லாம்ப்ஸோ மாதிரி ரெடிமேட் மூலக்கூறு சிமுலேஷன் சாஃப்ட்வேர் ஓட்டுறவனுக்கு எதுக்கு அது, அதுக்குள்ள எம்பிஐய வேற யாரோ எழுதி வச்சாச்சே? அவனுக்கு வேண்டியது எத்தன கோர் (ப்ராசசர்ல தனித்தனியா வேலை செய்யுற பகுதி) கேட்டா லாபம்ங்கிற கணக்கு. ப்ரோக்ராம்ல 5 சதவீதம் வரிசையா மட்டும்தான் ஓடும்னு வச்சுக்கங்க, 128 கோர் போட்டாலும் ஆம்டால் விதிப்படி சுமார் 17 மடங்கு வேகம்தான், எத்தன கோர் கொட்டினாலும் 20ஐத் தாண்டாது. இந்த ஒரு கணக்க மொத நாளே சொல்லிக்குடுக்குற கோர்ஸ் எனக்குத் தெரிஞ்சு கம்மி.

மூணாவது, சீனியரோ சப்போர்ட் ஆளோ பக்கத்துல உக்காந்து நம்ம ஸ்கிரிப்ட்டயே பாக்குறது. என் ஓட்டு இதுக்குத்தான். ஒரு போஸ்ட்டாக் சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு முழு நோடு (சூப்பர்கம்ப்யூட்டர்ல ஒரு தனி மெஷின்), 128 கோர், கேட்டு க்யூல காத்துக்கிட்டு கெடந்தார். ஜாப் ஓடும்போது ஜாப் நிலவரம் காட்டுற க்யூஸ்டாட் மைனஸ் எஃப் அடிச்சு சிபியு டைமையும் (கோர்கள் உழைச்ச மொத்த நேரம்) வால்டைமையும் (கடிகாரத்துல போன நேரம்) பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதாவது ஒரே ஒரு கோர்தான் உழைக்குது, மீதி 127 சும்மா. அவர்கிட்ட இருந்தது நூறு சாம்பிள், ஒவ்வொண்ணும் தனித்தனி, சோ எம்பிஐயும் வேணாம் ஒண்ணும் வேணாம், க்யூசப்ல மைனஸ் ஜே போட்டு ஜாப் அரேயா (ஒரே ஸ்கிரிப்ட்ட பல ஜாப்பா பிரிச்சு) ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோர் குடுத்தா போதும். ஒரு கோப்பி குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடுச்சு. இத எந்த வீடியோவும் சொல்லாது, ஏன்னா வீடியோவுக்கு அவர் ஸ்கிரிப்ட் தெரியாது.

ஆனா இதுலயும் ஒரு வெவகாரம் இருக்கு. சீனியர் சொல்றதுதான் வேதவாக்குன்னு ஆயிடும். பழைய ஆஸ்பயர் 1ல ஒரு நோடுக்கு 24 கோர், அந்தக் காலத்து ஸ்கிரிப்ட்ட லேப்ல கைமாத்திக் கைமாத்தி இன்னைக்கும் 24னு போட்டு ஓட்டுற ஆளுங்க இருக்காங்க, ஏன் 24னு கேட்டா "அண்ணன் குடுத்தது"ங்கிறாங்க. அந்த அண்ணன் கான்ட்ராக்ட் முடிஞ்சு எப்பவோ ஊருக்குப் போயிட்டார்.

அதனால ப்ராஃபசர் "ரெண்டு நாள் கோர்ஸுக்கு அனுப்பிட்டேன், இனி அவன் பாத்துக்குவான்"னு கணக்க முடிச்சா ஒத்துக்காதீங்க. ஷெல்லே தெரியலன்னா வொர்க்‌ஷாப் போங்க, தெரிஞ்சா நேரா மூணாவது வழி. சொந்தமா சி++ல சிமுலேஷன் எழுதுறீங்கன்னா மட்டும் ஆன்லைன்ல எம்பிஐ, ஓபன்எம்பி (ஒரே நோடுக்குள்ள பல கோர்ல வேலையப் பிரிச்சு ஓட்டுற முறை) ரெண்டையும் பொறுமையா படிங்க. லேப்ல சீனியரே இல்லாதவங்க ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதும்போது "ஸ்லோவா இருக்கு"ன்னு மட்டும் எழுதாம ஜாப் ஐடி, முழு ஸ்கிரிப்ட், க்யூஸ்டாட் அவுட்புட் மூணையும் சேத்து அனுப்புங்க, பதில் வர்ற லட்சணமே வேற.