ரேஸ் விட்டு வந்த குதிரையா, வார்ம்பிளட்டா, மார்வாரியா?

ஷோஜம்பிங், அதாவது குதிரையில் தடை தாண்டும் போட்டி, பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் ரைடிங் ஸ்கூல் குதிரையே தாராளம். 80 சென்டிமீட்டர் தடைகளைப் பதறாமல் தாண்டி, 1 மீட்டர் வகுப்புக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போதுதான் சொந்தக் குதிரை ஆசை வரும். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழி: ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்), வெளிநாட்டிலிருந்து வந்த வார்ம்பிளட் (ஐரோப்பாவில் விளையாட்டுக்கென்று வளர்க்கும் குதிரை வகை), அல்லது நம் நாட்டு மார்வாரி. நான் வாங்கியது ரேஸ் விட்டு வந்த ஒரு பெண் குதிரையை. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வார்ம்பிளட்டின் திறமையைப் பற்றி விவாதமே தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற கிறிஸ்டியன் குக்கூக்கின் குதிரை செக்கர் 47, வெஸ்ட்ஃபாலியன் என்ற வார்ம்பிளட் இனம். ஹனோவேரியன், ஹோல்ஸ்டைனர், டச்சு வார்ம்பிளட், செல் ஃபிரான்சே எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தாண்டுவதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. முதுகை வளைத்து, முன்கால்களை இறுக்கி மடக்கி, தடைக்கு மேல் ஒரு கணம் தங்கிப் போகும். சுபாவமும் நிதானம். விலை, விமானம், க்வாரண்டீன் என்று கணக்குப் போட்டாலே பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பணம் ஒரு பொருட்டில்லை என்றாலும் வெயில் இருக்கிறது. 600 கிலோவை ஒட்டிய உடம்பு. எடைக்குத் தகுந்த தோல் பரப்பு இல்லை. குதிரை சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் வியர்வை மூலம்தான். மே மாதக் கடற்கரைப் புழுக்கத்தில் அந்த வியர்வை காயவே காயாது. ஃபேன், ஷவர், விடியற்காலைப் பயிற்சி என்று சமாளிக்கிறார்கள், முடியாததல்ல. பிறர் குதிரைகளில் ஏறி ஓட்டிய அளவுதான் என் அனுபவம். வருஷம் முழுக்க ஒன்றை லாயத்தில் வைத்துப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

மார்வாரியைப் பார்த்ததும் மனசு போய்விடும். நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி உள்பக்கம் வளைந்த காதுகள், நிமிர்ந்த கழுத்து, யாரையும் மதிக்காத நடை. குளம்பு கல் மாதிரி. குறைந்த தீனியில் நிற்கும், வெயிலுக்கு அஞ்சாது. பராமரிப்பு மட்டுமே கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

சிக்கல் தடைகளுக்கு நடுவில் வருகிறது. போட்டி மைதானத்தில் தடைகளின் இடைவெளி, ஒரு கேண்டர் எட்டு (மிதமான பாய்ச்சலில் குதிரை ஒருமுறை எட்டி வைக்கும் தூரம்) ஏறக்குறைய 3.6 மீட்டர் என்ற கணக்கில் வைக்கப்படுகிறது. இரண்டு எட்டு இடைவெளியுள்ள இரட்டைத் தடை என்றால், இறங்கவும் மறுபடி எழும்பவும் ஆகும் இடத்தையும் சேர்த்து நடுவில் சுமார் பத்தரை மீட்டர். 16 கை (ஒரு கை சுமார் 10 சென்டிமீட்டர்) உயரத் தரோபிரெட் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் போய்த் தாண்டிவிடும். 15 கை உயரமும் மேல்நோக்கித் தூக்கி வைக்கும் கால்களும் உள்ள மார்வாரி அதே இடத்தில் இரண்டு எட்டை இழுத்துப் பிடித்துப் போட வேண்டும். இல்லையென்றால் மூன்றாவதைத் திணிக்க வேண்டும். திணித்தால் தடைக்கு ஒட்டி வந்து கம்பியைத் தட்டும், நான்கு ஃபால்ட் (தண்டனைப் புள்ளி). 80 சென்டிமீட்டரில் இதெல்லாம் தெரியாது. உயரம் ஏற ஏறத் தெரியும். அபாரமாகத் தாண்டும் மார்வாரிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒன்று உங்கள் கைக்கு வரும் என்று நம்பி வாங்க முடியாது. இன்னொரு நாட்டு இனமான கத்தியவாரியை நான் ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

இனி என் கட்சிக்கு வருகிறேன். தரோபிரெட் தாண்டாது, அது ஓடத்தான் லாயக்கு என்று சொல்பவர்களுக்கு மூன்று பெயர்கள். 1949 பிப்ரவரி 5 அன்று சிலியின் வீஞா டெல் மார் நகரில் கேப்டன் ஆல்பர்ட்டோ லாராகிபெல் 2.47 மீட்டர் தாண்டினார். அந்த உலக சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அவர் ஏறியிருந்த உவாசோ, ரேஸில் சோபிக்காமல் போன தரோபிரெட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸுக்கு இரட்டைத் தங்கம் வாங்கித் தந்த டச் ஆஃப் கிளாஸும் ரேஸ் ஓடியவள்தான். அந்த ஒலிம்பிக்கில் 91 தடைகளில் 90-ஐத் தட்டாமல் தாண்டினாள். 1988 சியோலில் கிரெக் பெஸ்டுக்கு இரண்டு வெள்ளி தந்த ஜெம் ட்விஸ்ட்டும் தரோபிரெட். இன்று மேல்மட்டத்தில் இவை அரிதாகிவிட்டன என்பதும் உண்மை. ஆனால் வார்ம்பிளட்டை இலகுவாக்கியதே இந்த ரத்தம்தான். ஹோல்ஸ்டைனர் வம்சத்தில் லேடிகில்லர் என்ற தரோபிரெட் பொலிகுதிரையின் பங்கைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியதோ 1.10 மீட்டர்.

விலை ஒரு நல்ல மோட்டார் பைக்கின் விலைக்குள் முடிந்துவிடும். பழக்கங்களை மாற்றுவது தனிக்கதை. ஜாக்கியை நடந்துகொண்டிருக்கும்போதே தூக்கி ஏற்றிவிடுவார்கள் என்பதால், ஏறும்போது நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. கடிவாளத்தை இழுத்தால் நிற்பதற்குப் பதில் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். இதெல்லாம் பொறுமை இருந்தால் சரியாகும்.

என் முடிவைத் தீர்மானித்தது குளம்பு. இத்தனைக்கும் மூன்றிலும் மோசமான குளம்பு தரோபிரெட்டுக்குத்தான். சுவர் மெல்லிசு, அடிப்பாகம் மெல்லிசு. ரேஸில் அடிக்கும் அலுமினிய லாடத்தை அடிக்கடி மாற்றியதில் ஆணித் துளைகள் பிய்ந்து, ஓரம் உதிர்ந்து கிடக்கும். பல குதிரைகளுக்கு முன்நுனி நீண்டும் குதிகால் பகுதி தாழ்ந்தும் இருக்கும். தடை தாண்டி இறங்கும்போது முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தரையைத் தொடும். அந்தக் கணத்தில் முழு எடையும் ஒற்றைக் காலில். குதிகால் தாழ்ந்திருந்தால் காலின் பின்பக்க டெண்டன் (தசைநாண்)தான் அதற்கு விலை கொடுக்கும்.

எங்கள் லாயத்துக்கு லாடம் அடிக்க வரும் பாய் முதல் நாள் அவளுடைய முன்காலைத் தூக்கித் தொடைகளுக்கு நடுவில் வைத்து, பழைய ஆணிகளின் மடிப்பை நிமிர்த்தி, லாடத்தைக் கழற்றினார். இடுக்கியால் அடிப்பாகத்தை விரல் விரலாக நகர்த்தி அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் தோள் வெடுக்கென்று துள்ளியது. "நீளமா விட்டுட்டாங்க சார். ஒரேயடியா வெட்டுனா நொண்டும். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி கொண்டுவரலாம்," என்றார். அரத்தால் முன்நுனியை இழைத்து, இரும்பு லாடத்தைக் குதிகால் பக்கம் சற்று நீட்டி வைத்து, நல்ல சுவர் இருந்த இடமாகப் பார்த்து ஆணி இறக்கினார்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மேலே ரோமம் முடியும் இடத்தில் புதிதாக முளைப்பது முன்நுனிக்கு வந்து சேர ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் தவறாமல் மாற்றினால், தீனியில் பயோட்டினும் துத்தநாகமும் சேர்ந்தால், ஒரு வருஷத்தில் குதிரை கிட்டத்தட்ட புதுக் குளம்பில் நிற்கும். ஐப்பசி மழையில் மட்டும் கூடுதல் கவனம். ஈர வைக்கோலில் நின்றால் அடியிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதி கறுத்து நாறும். தினமும் சுரண்டிக் காயவிட்டு, கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மயில்துத்தம் போட வேண்டும்.

நான் பார்த்த விதத்தில் வார்ம்பிளட்டின் உடம்பைச் சிறிதாக்க முடியாது, மார்வாரியின் எட்டை நீளமாக்க முடியாது, ஆனால் தரோபிரெட்டின் குளம்பைத் திருத்தலாம். திருத்தத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். லாடம் அடிப்பவர், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ், டெண்டனைத் தடவியே சூடு கண்டுபிடிக்கும் மருத்துவர் என்று எல்லோரும் ரேஸ் குதிரைகளிடம் தொழில் கற்றவர்கள்.

மறுவிற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வார்ம்பிளட்டுக்கு வாங்க ஆள் குறைவு, விலை நிற்கும். மார்வாரிக்கு நிறமும் காதும் விலை பேசும். ரேஸ் விட்டு வந்ததை வாங்கிய விலைக்கு விற்றாலே லாபம். தாண்டப் பழக்கியிருந்தால் கொஞ்சம் கூடும்.

என் கணக்கு ரேஸ் தொழிலை நம்பியிருப்பதால் ஒரு ஓட்டை உண்டு. 2024 செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ் மைதானத்துக்கு அரசு சீல் வைத்தபோது எனக்கு முதலில் தோன்றியது பாயின் பிழைப்புதான். அவரைப் போன்றவர்கள் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விட்டால், இங்கே தரோபிரெட் வைத்திருப்பது இவ்வளவு சுலபமாக இருக்காது. அப்போது மார்வாரிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அதனால் வாங்குவதற்கு முன், உங்கள் லாயத்துக்கு மாதம் தவறாமல் யார் லாடம் அடிக்க வருகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் குதிரை பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், லாடத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்கிற வியாபாரியிடம் பேரம் பேசவே வேண்டாம்.