'ரத்து' பொத்தானை நம்பாதீர்கள்

ஆவணங்களைப் படமெடுத்துச் சேமித்துத் தரும் ஒரு கைபேசிச் செயலி, என் கணக்கிலிருந்து ஓராண்டுச் சந்தாவை உருவிக்கொண்டுவிட்டது. இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்றுதான் அழைத்தார்கள். அட்டை விவரத்தை மட்டும் அப்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இலவசக் காலம் முடியுமுன்பே ரத்து செய்யப் போனேன். வித்தை அங்கேதான் ஆரம்பம்.

சேரும் பொத்தான் முதல் திரையிலேயே இருந்தது. விலகும் வழியோ அமைப்புகள், கணக்கு, உதவி என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்து கிடந்தது. தேடிப் பிடித்துத் தொட்டால், 'உங்கள் கோப்புகளை இழக்கத் துணிந்துவிட்டீர்களா?' என்று மிரட்டல். அடுத்து பாதி விலைச் சலுகை, பக்கத்தில் நொடி நொடியாகக் குறையும் கடிகாரம். (செயலியை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது!) கடைசியில் ஒரு பெட்டி: 'சந்தாவை ரத்து செய்யவா?' கீழே பளிச்சென்ற நீலத்தில் 'ரத்து', கண்ணுக்கே தெரியாத சாம்பலில் 'தொடர்க'. எவரும் நீலத்தைத்தான் தொடுவார்கள். ரத்தானது சந்தா அல்ல, என் கோரிக்கை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், 'விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுதானே சேர்ந்தீர்கள்' என்பதையே வெவ்வேறு பெயர்களில் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள்.

வடிவமைப்பில் தெரியாமல் நேர்ந்த குறை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். சேரும் பாதையை அத்தனை வழுவழுப்பாக இழைத்தவர்களுக்கு விலகும் பாதையில் மட்டும் கை நடுங்குமா? பெரிய இடத்துக் கதையும் இதுதான். அமேசான் பிரைமிலிருந்து விலக 4 பக்கங்கள், 6 சொடுக்குகள், 15 தெரிவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. 2025-இல் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள், நிற்காது. கைபேசியின் செயலிக் கடை வழியாகப் பணம் கட்டியிருந்தால், அந்தக் கடையின் சந்தாப் பக்கத்துக்கே போய் நிறுத்துங்கள். செயலியின் புதிருக்குள் நுழையவே வேண்டாம். அட்டையை நேரடியாகக் கொடுத்திருந்தால், தானாகப் பணம் பிடிப்பதற்கான அனுமதியை வங்கியில் திரும்பப் பெறுங்கள். உறுதிசெய்யும் மின்னஞ்சல் கைக்கு வரும்வரை எதுவும் ரத்தானதாகக் கணக்கில்லை. ஒவ்வொரு திரையையும் படமெடுத்து வையுங்கள். அப்படி நான் எடுத்து வைத்தவற்றை இணைத்துத்தான் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த நீலப் பொத்தான் படத்தைத் தனியாகவும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.