மீட்டருக்கு நாலு ஸ்டார், மாட்டிக் கொடுத்தவங்களுக்கு ஒண்ணு

திருப்பூர்ல சாயப்பட்டறை மெயின்டனன்ஸ் நம்ம வேலை. 2011-ல ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னதுக்கப்புறம் சாயத்தண்ணி கணக்குன்னா எங்க ஊர்ல விளையாட்டு இல்லைங்க. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனை கன மீட்டர் போகுதோ அத்தனைக்கும் காசு. அதுக்குத்தான் பைப்புல ஓடுற தண்ணியை அளக்குற இந்த 4 இஞ்ச் மேக்னடிக் ஃப்ளோ மீட்டர் வாங்கினோம்.

டீலர் ஆளுங்க வந்து அரை நாள்ல மாட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாள்ல இருந்து ரீடிங் தவளை மாதிரி குதிக்குது. போன் போட்டா, "உங்க தண்ணி அப்படிங்க"ங்கறான்!

புக்கைப் பிரிச்சுப் பார்த்தேன். டிஸ்ப்ளே கண்ணுக்குத் தெரியட்டும்னு பெட்டியைப் பக்கவாட்டுல திருப்பி வெச்சிருக்கான். அப்ப உள்ள தண்ணியைத் தொட்டு சிக்னல் எடுக்குற ரெண்டு எலக்ட்ரோடும் மேலயும் கீழயும் ஆயிடுது. மேல காத்துக் குமிழி, கீழ சேறு. பெட்டியை நிமிர்த்தி வெச்சேன், குதிக்கிறது நின்னுச்சு. லைன் பிவிசி, கரண்டு கடத்தாது; அதனால தண்ணிக்கு எர்த் கொடுக்கப் போடற எர்த்திங் ரிங் டப்பாவுலயே கிடந்துச்சு, அதையும் ரெண்டு பக்கமும் போட்டேன்.

ஆனா பில் இறங்கலை. சாயத்தண்ணித் தொட்டிக்குள்ள தண்ணி வராத நேரமாப் பார்த்து பம்ப்பை ஓட்டினேன். எங்க தொட்டி 4 மீட்டருக்கு 3. ஒரு மணி நேரத்துல சரியா 1 மீட்டர் இறங்குச்சு, அதாவது 12 கன மீட்டர். மீட்டர் காட்டினது 14.6.

காரணம் என்னன்னா, சாயத்தண்ணி போய் விழற குழி, அதான் சேம்பர், அதுல லைன் இறங்குற முனைக்கு ஒட்டி மாட்டியிருந்தாங்க. அங்க பைப் நிறைஞ்சு ஓடாது. மீட்டருக்கு அது தெரியுமா? பைப் முழுசா நிறைஞ்சிருக்குன்னு நெனச்சு வேகத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுது. போதாததுக்கு ஒரு சாண் முன்னால பாதி திறந்த வால்வு வேற, அது தண்ணியைக் கலக்கி விடும்.

எங்க ஃபிட்டர் தம்பியை வெச்சு லைனையே மாத்தினோம். மீட்டர் இப்பத் தாழ்வான இடத்துல, அதைத் தாண்டி லைன் மேலேறித்தான் சேம்பருக்குப் போகுது. எப்பவும் நிறைஞ்சே இருக்கும். முன்னால 50 செ.மீ. நேர் பைப், பின்னால 20, வால்வு அதுக்கும் அப்புறம். கேஸ்கட் உள்ள துருத்தாம வெட்டச் சொன்னேன்.

மறுபடியும் தொட்டி வெச்சுப் பார்த்தோம், 12.1.

ஒரு ஸ்டார் குறைச்சது டிஸ்ப்ளேவுக்கு; உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியலை, நானே தகரத்துல ஒரு மூடி அடிச்சு வெச்சிருக்கேன்.