கார் ஏசி கூலிங் காயில் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இன்று மதியம் இரண்டாவது முறையாக டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். ஒரு ஸ்பேர்ஸ் கடைக்காரர் பேச்சை நம்பி 8,300 ரூபாய் போய்விட்டது.

பத்து வருடப் பழைய கார். கூலிங் காயிலில் லீக். கழற்றி மாட்ட எனக்குத் தெரியும், பொருள் நல்லதாகக் கிடைத்தால் போதும் என்று போனேன். கடையில் இருந்த பெரியவர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரிஜினல் தம்பி. போன மாசம் என் மருமகன் வண்டிக்கே இதைத்தான் போட்டேன்" என்றார். அந்த 'மருமகன்' என்ற ஒரு சொல்லில்தான் விழுந்தேன். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் செலவு. நான் எங்க ஓடிப் போகப் போறேன்?" என்று துண்டுச் சீட்டில் 5,400 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

முழுதாக இரண்டு நாள் வேலை. ஸ்டியரிங், டேஷ்போர்டு, ஹீட்டர் பெட்டி எல்லாம் இறங்கினால்தான் என் வண்டியில் காயில் கைக்கு வரும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரும், குழாய் இணைப்பில் போடும் ரப்பர் ஓ-ரிங்கும் 700. மெக்கானிக்கை வரவழைத்து வேக்யூம் போட்டு ஆர்134ஏ கேஸ் ஏற்ற 2,200. ஒன்பது நாள் ஜில்லென்று இருந்தது. பத்தாம் நாள் வெறும் காற்று.

போன் செய்தேன். "கேஸ் சரியா ஏத்தியிருக்க மாட்டாங்க." நேரில் போனேன். "ஓனர் ஊர்ல இல்லை, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமையும் ஓனர் இல்லை.

இன்று காயிலை வெளியே எடுத்துப் பார்த்தேன். குழாய் சேரும் இடத்தில் ஹாலோகிராம் ஸ்டிக்கர், அதைச் சுற்றிப் பிசுபிசுவென்று கம்ப்ரெசர் ஆயில். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் உள்ளே சில்வர் பெயின்ட். அதையும் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் எம்-சீல்! யாரோ கழற்றிப் போட்ட காயிலின் ஓட்டையை அடைத்து, அடைத்தது தெரியாமல் இருக்க அங்கேயே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். உடனே போட்டோ எடுத்து அனுப்பினேன். "நீங்களே மாட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லை சார்" என்று பதில் வந்தது. காசு வாங்கும்போது தம்பி, இப்போது சார். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம் என்றால் காட்டுவதற்குக் கையில் பில் இல்லை. 8,300 ரூபாய்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது. பார்ட் நம்பரோடு பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே உரித்துப் பாருங்கள், உரிக்க விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாட்டுவதற்கு முன் ஏசி கடையில் நைட்ரஜன் அடைத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை மட்டும் செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்துக் கை வையுங்கள்.

நாளைக் காலை அந்தக் காயிலை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கே போகிறேன்.