லேடெக்கில் படம்: மிதக்க விடுவதா, ஆணியடிப்பதா?

கட்டளைகளை எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளில் அறிக்கை எழுதுகிற எல்லாருக்கும் ஒருநாள் இந்த எரிச்சல் வரும்: படத்தை இங்கேதானே போட்டேன், அது ஏன் ரெண்டு பக்கம் தள்ளிப் போய் நிற்கிறது? தேடினால் ஃப்ளோட் (float) என்ற கூடுதல் பேக்கேஜைச் சேர்த்துப் படத்தின் கட்டளையில் பெரிய எச் (H) போடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போட்டதும் படம் சொன்ன இடத்தில் வந்து உட்காரும்.

என் முதுகலை ஆய்வேட்டில் நாற்பது படங்களுக்கும் அப்படித்தான் ஆணியடித்தேன். கடைசி வாரம் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்ந்தது. ஒரு வரைபடம் பக்கத்தின் மிச்ச இடத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக, அது விட்டுப்போன அரைப்பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. பெரிய எச் போட்டால் பின்னால் வரும் வரிகள் படத்தைத் தாண்டி முன்னே வந்து அந்த இடத்தை நிரப்ப முடியாது, அதனால் ஒரு பத்தி மாறினாலும் அதன் பின்னால் வரும் பக்கங்களை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம்தான் லேடெக்கே இடம் பார்த்து வைக்கும்படி படத்தை மிதக்க விடும் சாதாரண ஃபிகர் (figure) கட்டளையை ஒழுங்காகப் படித்தேன். இங்கே, மேலே, கீழே, தனிப்பக்கம் என்று நாம் கொடுக்கும் நான்கு எழுத்துகளும் அனுமதி மட்டுமே, எதை முதலில் எழுதினாலும் வித்தியாசம் கிடையாது. ஆர்ட்டிகிள் என்ற ஆவண வகையில் இயல்பான அளவுப்படி, மேலே போகும் படங்கள் பக்கத்தில் 70 சதவீதம் வரை எடுக்கலாம், கீழே 30 சதவீதம்தான். சற்று உயரமான படத்துக்குக் 'கீழே' என்று மட்டும் அனுமதி கொடுத்தால் அதற்கு எந்தப் பக்கத்திலும் இடம் கிடைக்காது, படங்கள் வரிசை மாறக்கூடாது என்பதால் பின்னால் வருபவையும் அதோடு சேர்ந்து தேங்கி, மொத்தமாக அத்தியாயத்தின் கடைசியில் போய்க் கொட்டும். 'மேலே', 'தனிப்பக்கம்' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், பெரும்பாலும் அடைப்பு விலகிவிடும். படம் அடுத்த பிரிவுக்குள் போகவே கூடாது என்றால் பிளேஸ்இன்ஸ் பேக்கேஜின் ஃப்ளோட்பேரியர் என்ற தடுப்புக் கட்டளை இருக்கிறது, ஆணியை விட அது எவ்வளவோ மேல்.

மிதக்க விட்டால் "கீழே உள்ள படத்தில்" என்று எழுத முடியாதுதான். "படம் 3.2இல்" என்று எழுதுங்கள், ஆய்வேட்டுக்கு அதுதான் சரி. அந்த எண்ணைத் தானாக வரவைக்க உதவும் லேபிளைப் படத்தின் தலைப்பான கேப்ஷனுக்குப் பிறகு போட வேண்டும், முன்னால் போட்டால் படத்தின் எண்ணுக்குப் பதிலாகப் பிரிவின் எண் வந்து நிற்கும்.

படத்தைச் சுற்றி வரிகளை ஓடவிடும் ராப்ஃபிக் (wrapfig) பேக்கேஜைச் சின்னப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பட்டியலுக்குப் பக்கத்திலோ பக்கம் முடிகிற இடத்திலோ வந்தால் வரிகள் கோணலாகும், அதனால் எழுத்து வேலை எல்லாம் முடிந்த பிறகே அதைத் தொடுவேன்.

லேடெக் போலவே ஆவணம் வடிவமைக்கும் இன்னொரு மென்பொருளான டைப்ஸ்ட் (Typst) இதற்கு நேர் எதிர். அங்கே ஃபிகர் தானாக எழுதிய இடத்திலேயே நிற்கும், மிதக்க வேண்டுமென்றால் பிளேஸ்மென்ட்டில் ஆட்டோ என்று கேட்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இது நிம்மதி, ஆனால் படம் அதிகமானால் வெள்ளை இடம் அங்கேயும் வரும், அப்போது ஆட்டோவுக்குத்தான் போக வேண்டும்.

பெரிய எச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. மென்பொருள் நிறுவும் கையேட்டில் மூன்றாவது படிக்கு உரிய ஸ்கிரீன்ஷாட் ஐந்தாவது படிக்குப் பக்கத்தில் வந்தால் படிப்பவர் தவறான பொத்தானை அழுத்திவிடுவார், அங்கே ஆணியடித்தே ஆக வேண்டும். என் ஆய்வேட்டிலும் கருவியைப் பொருத்தும் முறையைக் காட்டும் மூன்று படங்களுக்கு மட்டும் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற முப்பத்தேழையும் மிதக்க விட்டேன்.